முப்பது வருடமாக அதே சுருதி

பாடகியின் கணவர் யாரையாவது மனம்விட்டுப் பாராட்டினால், அந்த ஆளின் தலையில் ஏதோ விழப்போகிறது என்று அர்த்தம். போன வாரம் அவர் தம் மைத்துனரான பியானோக்காரரை அவர் வீட்டு வாசல்வரை வந்து பாராட்டினார். "உன்ன மாதிரி துணைக்கு வாசிக்க இன்னொருத்தன் பொறந்து வரணும் மச்சான்" என்றார். காரில் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணாடியைப் பாதி இறக்கிக்கொண்டு மீதியைச் சொன்னார். மனைவியின் பாராட்டு விழாவுக்கு வெளியிலிருந்து ஒரு வயலின் கூட்டத்தையே வரவழைத்திருக்கிறாராம். "நீ வழக்கம்போல வாசி. அவங்க பின்னாடி சும்மா கொஞ்சம் பூசுவாங்க."

அந்தப் பூச்சு இன்று காலை ஒத்திகையிலேயே உதிர்ந்தது.

அரங்கத்தின் முகப்பில் பாடகியின் முகம் இரண்டு மாடி உயரத்துக்குத் தொங்கியது. படத்தில் இருந்தவளுக்கு மூட்டுவலி என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது. கீழே கொட்டை எழுத்தில் வாசகம்: முப்பது வருடம். அதே குரல். அதே சுருதி.

வாசகம் கணவருடையது. பாடகியை மணப்பதற்கு முன் அவர் குளியலறைக் குழாய்கள் விற்றுக்கொண்டிருந்தார். தொழில் மாறிவிட்டதாக அவர் என்றுமே உணர்ந்ததில்லை. திறந்தால் வர வேண்டும், மூடினால் ஒழுகக் கூடாது, விளம்பரத்தில் பளபளக்க வேண்டும், அவ்வளவுதானே.

அந்த வாசகத்தில் ஒரே ஒரு சிக்கல். முதல் இரண்டு சொற்கள் மட்டும்தான் உண்மை. மற்றதெல்லாம் பொய் என்பது பியானோக்காரர் ஒருவருக்குத்தான் தெரியும், ஏனென்றால் அந்தப் பொய்யைக் கையால் செய்துவந்தவர் அவர்தான்.

அவருக்கும் ஒரு காலத்தில் சொந்தமாகக் குழு இருந்தது. அவர், ஒரு டிரம்ஸ்காரர், கனத்த தந்தி வாத்தியத்தைக் கட்டிப்பிடித்தபடி ஒரு குண்டு மனிதர். ஓர் உணவு விடுதியின் நிலவறையில், மென்றுகொண்டிருந்தவர்களுக்காக ஜாஸ் வாசித்தார்கள். அங்கே அவர் விரல்களைக் கேட்ட பாடகர்கள் ஒவ்வொருவராக வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருவர் எப்போதும் தாளத்துக்கு முன்னால் ஓடுகிறவர். அவரைத் துரத்திப் பிடிப்பதிலேயே இவருக்கு இளமை போயிற்று. இன்னொரு அம்மாள் வரிகளை மறப்பார். மறந்த கணத்தில் கையை நீட்டி, "இப்போது பியானோ!" என்று சபையைப் பார்த்துச் சிரிப்பார். நம்மவரின் மிகச் சிறந்த தனி வாசிப்புகளெல்லாம் அந்த அம்மாளின் மறதிக்குப் பிறந்த பிள்ளைகள். கடைசியில் கூடப்பிறந்த அக்காவான இந்தப் பாடகியே கூப்பிட்டாள். "ஊரான் பொண்டாட்டிக்கெல்லாம் வாசிக்கற, அக்காவுக்கு வாசிக்க மாட்டியாடா?" அத்தோடு சரி.

ஜாஸ் பாட்டில் ஒரு வழக்கம் உண்டு. தொடக்கத்தில் பியானோ கொஞ்சம் தனியாக வாசிக்கும். அதைக் கேட்டுத்தான் பாடகி தன் சுருதியைப் பிடித்துக்கொள்வாள். பியானோ எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படியில்தான் அவளும் நிற்பாள். ஒரு சமயம் அக்காவுக்கு ஜுரம். அன்று ஒரு நாளைக்கு மட்டும் என்று தம்பி அரைக் கட்டை இறக்கி வாசித்தார். ஜுரம் போய்விட்டது, இறங்கிய சுருதி திரும்ப ஏறவில்லை. அப்புறம் தொண்டையில் ஓர் அறுவை சிகிச்சை, அக்காவின் மகனுக்குக் கல்யாணம் ஆனபின் வீட்டில் ஒரு நீண்ட சண்டை என்று இன்னும் இரண்டு முறை அரை அரையாக இறக்கினார். அக்கா கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. "என் தொண்டைக்கு மட்டும் வயசே ஆகல" என்று அவள் பேட்டி கொடுக்கும்போதெல்லாம் பியானோவின் மிதிகட்டையைக் குனிந்து பார்த்துக்கொள்வார்.

காலையில் ஒத்திகைக்கு எடுத்தது, ரசிகர்கள் 'ஜன்னல் பாட்டு' என்று சொல்லும் பாட்டை. அக்காவை மேலே தூக்கிவிட்டது அதுதான், இன்றுவரை தாங்கிக்கொண்டிருப்பதும் அதுதான். அதன் கடைசி வரி மாடிப்படிபோல் ஏறி, உச்சியில் நின்று, கீழே பார்க்கும். பியானோக்காரர் வழக்கமான இடத்தில் தொடங்கினார். அக்கா வழக்கமான இடத்தில் பிடித்தாள். பிறகு வயலின்கள் சேர்ந்தன. அக்காவின் கணவரான அத்தான் அவர்களுக்குக் கொடுத்திருந்தது பழைய இசைத்தட்டு. அவர்கள் அந்தச் சுருதியில் சேர்ந்தார்கள்.

ஒரே நாற்காலியில் இரண்டு பருமனான ஆட்கள் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு சத்தம்.

"நிறுத்து, நிறுத்து!" அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். "யாரு அது? வாத்தியத்துக்குச் சுருதி சேக்காமலா வந்தீங்க?"

வயலின்காரர்களின் தலைவர் மரியாதை தெரிந்தவர். எழுந்து நின்று சொன்னார். "அம்மா, நாங்க தட்டுல இருக்கற சுருதியிலதான் வாசிக்கறோம். பியானோதான் ஒன்றரைக் கட்டை கீழ நிக்குது."

மேடையிலிருந்த அத்தனை வில்லும் பியானோப் பக்கம் திரும்பியது.

"என்னடா தம்பி?"

"கொஞ்சம் இறக்கி வெச்சிருக்கேன்கா."

"எப்பலேர்ந்து?"

"உனக்கு ஜுரம் வந்துச்சில்ல, அப்பலேர்ந்து."

"எந்த ஜுரம்?"

"நம்ம பெரியவன் பள்ளிக்கூடம் போயிட்டிருந்தப்ப."

அக்காவின் பெரிய மகனுக்கு இப்போது முன்னந்தலை முழுக்க வழுக்கை.

அக்கா அதிர்ந்துபோகவில்லை. அதிர்ந்திருந்தால் தம்பிக்கு அவள்மேல் கொஞ்சம் மதிப்பாவது மிஞ்சியிருக்கும். வயலின்காரர்களைப் பார்த்துப் பரிவோடு சிரித்தாள். "பாவம், விரல் வலிக்குதுன்னு தனக்கு வசதியா இறக்கிட்டான். வயசாகுதில்ல? கூடப்பிறந்தவன, என்ன சொல்றது." பிறகு தம்பியிடம், "சரி, மேல போடா. எனக்கு எந்த இடமும் ஒண்ணுதான்."

பியானோக்காரர் தம் விரல்களைப் பார்த்தார். அவற்றுக்கு ஒரு வலியும் இல்லை. மேலே போனார்.

கடைசி வரியின் முதல் படியிலேயே அக்காவுக்கு மூச்சு வாங்கியது. அடுத்த படியில் கைப்பிடியைத் தேடினாள். உச்சிக்கு வந்தபோது அவள் வாயிலிருந்து வெளிப்பட்டது பாட்டு இல்லை, பெரிய கொட்டாவி. வயலின்காரர்கள் எல்லாரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள்.

அத்தான் மட்டும் கைதட்டினார். "பிரமாதம்! கொஞ்சம் இடைவேளை விட்டுக்கலாம்."

ஒப்பனை அறையில் கூந்தலுக்கு அடிக்கும் திரவ நெடியும், தட்டில் வியர்த்துக்கொண்டிருந்த ரொட்டித் துண்டுகளின் நெடியும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தன. அக்கா உப்புத் தண்ணீரைக் கொப்பளித்தாள். அண்ணாந்து, கடகடவென்று சுழற்றி, கிண்ணத்தில் துப்பினாள். பத்திரிகைகள் 'பொன் தொண்டை' என்று எழுதுவது இந்தத் தொண்டையைத்தான்.

"வயலின்காரங்கள இறங்கி வரச் சொல்லலாமே அத்தான்" என்றார் பியானோக்காரர். "கொஞ்சம் நேரம் குடுத்தா மாத்தி எழுதிக்குவாங்க. அவங்களுக்கு இது பெரிய வேலையில்ல."

"வாசல்ல என்ன தொங்குது மச்சான்?"

"அத வேணா கழட்டிடலாம்."

"உங்கக்கா மானத்தக் கழட்டச் சொல்ற." அத்தான் குரலைத் தாழ்த்தினார். "உருகல் வேற வர்றாரு."

உருகல் என்பது ஒரு விமர்சகர். எந்தக் கச்சேரிக்குப் போனாலும் 'உருகிவிட்டேன்' என்று எழுதுபவர். ஆளைப் பார்த்தால் ஒரு கிராம்கூட உருகியதாகத் தெரியாது.

"சுருதி பாக்கற குழலைக் கையோட கொண்டு வராராம். மொதல் ஸ்வரத்த ஊதிப் பாத்து, சரியா இருந்தாத்தான் உருகுவேன்னு சொல்லிட்டாரு. மேலதான் பாடியாகணும்."

"அக்காவால முடியல."

"யாரு முடியலன்னது?" என்றாள் அக்கா, வாயில் தண்ணீரோடு.

அத்தானின் பார்வை கதவோரம் போயிற்று. அங்கே பியானோக்காரரின் மகள் நின்றுகொண்டிருந்தாள். பகலெல்லாம் ஓர் ஓட்டலின் முன்கூடத்தில் பாடுகிறவள். இன்று விடுப்பு எடுத்து, அப்பாவோடு ஒத்திகை பார்க்க வந்திருந்தாள்.

"மருமகளே, உள்ள வா. ஏன் அங்கயே நிக்கற? உன் தொண்டை இருக்கே, அடடா. கண்ண மூடிக்கிட்டுக் கேட்டா, அப்படியே உங்கத்தை சின்ன வயசுல பாடினது."

அத்தான் பாராட்டுகிறார். பியானோக்காரர் மகளின் தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தார்.

திட்டம் எளிமையானது. பின்திரைக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி, ஒரு மைக். கடைசி வரி வந்ததும் அத்தை வாயைத் திறப்பாள், மருமகள் பாடுவாள்.

"இதுக்குப் பேரு ஏமாத்து இல்ல" என்றார் அத்தான். "குடும்பம். ஒரே ரத்தம், ஒரே குரல். அது யாரு தொண்டையிலேர்ந்து வந்தா என்ன?"

"அவளுக்கு இதெல்லாம் இஷ்டமில்ல அத்தான்."

"நான் இன்னும் வாயவே தொறக்கலியேப்பா" என்றாள் மகள். மாமாவைப் பார்த்தாள். "எனக்கு என்ன கிடைக்கும்?"

"அடுத்த வருஷ விழாவுல உனக்குன்னு தனியா ஒரு பாட்டு."

அக்கா துப்பினாள். "ரெண்டு பாட்டுன்னு சொல்லுங்க. நம்ம பொண்ணுதானே."

"சரி அத்தை" என்றாள் மகள்.

வெளித் தாழ்வாரத்தில் அப்பா அவளை மடக்கினார். "உனக்கு அருவருப்பா இல்லியா?"

"உங்களுக்கு இல்லியா? இத்தன வருஷமா நீங்க விரலால பண்றத நான் இன்னிக்குத் தொண்டையால பண்ணப்போறேன். உங்களுக்கு விளக்கு வெளிச்சத்துல பியானோ, எனக்குத் திரைக்குப் பின்னாடி நாற்காலி. வேற என்ன வித்தியாசம்?"

"நான் துணைக்கு வாசிக்கறேன். அது ஒரு தொழில்."

"அப்பா, நான் பாடற எடத்துல பெட்டி உருட்டற சத்தம். சாவி கேக்கறவங்க சத்தம். கழிப்பறை எந்தப் பக்கம்னு பாட்டுக்கு நடுவுல எங்கிட்டயே கேக்கறாங்க. நானும் பாடிக்கிட்டே கை காட்டறேன். இங்க ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அத்தன பேரும் வாய மூடிக்கிட்டு என் குரலக் கேப்பாங்க. யாரு வாயிலேர்ந்து வந்தா என்ன?"

"உங்க மாமா பேசற மாதிரியே பேசற."

அவள் சிரித்துவிட்டாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பாடகர்களோடு வாழ்ந்தவர் அவர். திரைக்குப் பின்னால் ஒருமுறை உட்கார்ந்த குரலை யாரும் முன்னால் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டுவிட்டால் முன்னால் நிற்பவருக்கு என்ன வேலை? அடுத்த வருடம் என்பது எப்போதும் அடுத்த வருடமாகவே இருக்கும். மகளுக்கும் தலை நரைக்கும். நரைத்த பிறகு அவள் குரலை மறைக்க இன்னொரு திரை வரும்.

மத்தியானம் ஒட்டிப் பார்த்தார்கள். அத்தையின் குரல் நிற்கும் இடத்துக்கும் மகளின் குரல் தொடங்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு மூச்சு அளவுக்கு இடுக்கு. அந்த இடுக்கில் பியானோ இரண்டு கையாலும் கனமாக ஒரு ஒலியை விரித்துப் போட வேண்டும், கிழிசலின்மேல் பூவேலை செய்வதுபோல. போட்டார். ஒட்டு தெரியவே இல்லை. அத்தனை கச்சிதமாக வந்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

சாயங்காலம் சபை நிறைந்தது. தலைமை தாங்க வந்தவர் பாடகியைப் பற்றி இரண்டு வரியும் தம்முடைய முழங்கால் சிகிச்சையைப் பற்றி மற்றதும் பேசினார். பிறகு பரிசு. கண்ணாடியில் தொண்டையின் வடிவத்தில் ஒன்றைச் செய்திருந்தார்கள். கலை நயமாக இருக்கும் என்று நினைத்தது உள்ளுறுப்பு மாதிரியே வந்திருந்தது. தலைமை தாங்கியவர் அதை இரண்டு விரலால் பிடித்துக் கொடுத்தார். அக்கா அதை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

"நான் என்னங்க பாடறேன்? சுருதி என்ன விடமாட்டேங்குது" என்றாள். சபை 'ஆஹா' என்றது.

ஜன்னல் பாட்டு. பியானோ, பழைய இசைத்தட்டின் சுருதியில். முதல் வரிசையில் உருகல் கைக்குட்டைக்குள் வைத்துக் குழலை ஊதிப் பார்த்து, தலையை ஆட்டி, உருகத் தொடங்கினார். வயலின்கள் சேர்ந்தன. பாட்டு சிரமமில்லாத இடங்களிலெல்லாம் சிரமமில்லாமல் போயிற்று.

கடைசி வரி வந்தது. அக்கா நிறுத்தி வாயைத் திறந்தாள். பியானோக்காரர் கையைத் தூக்கினார்.

தூக்கிய கையை இறக்கவில்லை.

கிழிசல் அப்படியே திறந்து கிடந்தது. இடது பக்க ஒலிபெருக்கியிலிருந்து ஒருத்தி மூச்சு இழுக்கும் சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது. அக்காவின் மார்பு அசையவே இல்லை. பிறகு அந்த இளங்குரல் படியேறி உச்சியில் போய் நின்றது. இதோ சிரிக்கப்போகிறார்கள், இதோ கத்தப்போகிறார்கள் என்று பியானோக்காரர் காத்திருந்தார். எல்லாம் கெட்டாலும் பரவாயில்லை, அந்தத் திரை இன்றோடு போகட்டும்.

சபை எழுந்து நின்று கைதட்டியது. உருகல் விசும்பினார். முன்வரிசையில் யாரோ பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது மேடைக்கே கேட்டது: "மூச்சு இழுக்கறதுகூட சங்கீதமா இருக்கு பாத்தீங்களா?"

முன்திரை விழுந்தது. மகள் பின்பக்கத்திலிருந்து நேராக அப்பாவிடம் வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"ஏம்பா கையத் தூக்கிட்டீங்க? என் மூச்சு வெளிய கேட்டுச்சு."

"கேக்கட்டும்னுதான் தூக்கினேன்."

"தாளத்த விட்டு ஓடறவருக்குத் துணை போனீங்க. வரி மறந்தவங்களத் தாங்கினீங்க. யாரையும் இப்படி அந்தரத்துல விட்டதில்ல. நான்னா மட்டும் விடலாமா?"

அதற்குள் அத்தான் ஓடிவந்தார். "மச்சான், கேட்டியா? இன்னொரு தடவ பாடச் சொல்றாங்க! அதே பாட்டு!" மருமகளின் தோளில் கை போட்டார். "தங்கமே, பேசி முடிச்சிட்டேன். இந்த வருஷம் ஊர் ஊராப் போறோம். உனக்குத் தனி நாற்காலி, மெத்தை வெச்சது."

"முன்னாடி எப்ப மாமா?"

"முன்னாடி என்னம்மா முன்னாடி. மொதல்ல பின்னாடி உக்காரக் கத்துக்கணும்."

மகள் ஒரு கணம் தரையைப் பார்த்தாள். பிறகு, சரி என்று தலையாட்டிவிட்டுப் பின்திரைக்குப் பின்னால் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனாள்.

அந்தத் தலையாட்டலைப் பார்த்தபோது பியானோக்காரருக்கு வந்தது கோபம் இல்லை. அதே தலையாட்டலை அவர் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். முகம் மட்டும்தான் வேறு.

திரை ஏறியது. அவர் உட்கார்ந்து, ஒன்றரைக் கட்டை கீழே, அக்காவின் உண்மையான இடத்தில் தொடங்கினார்.

வயலின் தலைவர் நிமிர்ந்து பார்த்தார். பியானோக்காரர் வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தார். அவர் புரிந்துகொண்டு, கொஞ்சம் சந்தோஷமாகவே, வயலினை மடியில் கிடத்தினார். மற்றவர்களும் கிடத்தினார்கள். பக்கவாட்டில் நின்ற அத்தான் இரண்டு கையாலும் 'மேலே, மேலே' என்று ஜாடை காட்டினார். குழாய் அடைத்துக்கொண்டால் காட்டுவதுபோல் இருந்தது.

அக்கா தம்பியைப் பார்த்த பார்வையில் அவர் பஸ்பமாகியிருக்க வேண்டும். ஆனால் வழக்கம் பெரிது. பியானோ நின்ற படியில் அவள் குரல் தானாகவே போய் நின்றது. நிற்கவும் பிடித்துப்போயிற்று. தடித்த, தேய்ந்த, அவளுடைய சொந்தக் குரல். இவ்வளவு பேருக்கு முன்னால் அவள் இப்படிப் பாடி எத்தனையோ காலம் ஆயிற்று. சபை கொஞ்சம் குழம்பியது, ஆனாலும் கேட்டது.

பியானோக்காரர் கணக்குப் போட்டுக்கொண்டே வாசித்தார். இந்தச் சுருதியில் கடைசி வரியை அக்காவே ஏறிவிட முடியும். அவள் ஏறிவிட்டால் மகளுக்கு வேலை இல்லை. வேலை இல்லை என்றால் நாற்காலி இல்லை, ஊர் ஊராய்ப் போவதும் இல்லை. நாளை காலை வாசலில் தொங்குவதைக் கழற்றிக்கொள்ளட்டும்.

கடைசி வரி வந்தது. அக்கா திரையை மறந்துவிட்டாள். தானே மூச்சு இழுத்து, தானே முதல் படியில் கால் வைத்தாள்.

ஆனால் மகளுக்கு ஒரு வேலை சொல்லியிருந்தார்கள். அவள் பியானோக்காரர் பெற்ற பெண். சுருதி இறங்கியிருப்பதை முதல் ஒலியிலேயே பிடித்துவிட்டாள். அப்பா இறங்கினால் தானும் இறங்க வேண்டும், அவ்வளவுதானே? அதே படியில், அதே கணத்தில், ஒலிபெருக்கியில் அவளும் ஏறினாள்.

ஒரே வாயிலிருந்து இரண்டு குரல்கள் வந்தன.

அக்கா திடுக்கிட்டு வாயை மூடினாள். பாட்டு நிற்கவில்லை.

பாதி எழுந்திருந்தவர்கள் அப்படியே பாதியில் நின்றார்கள். உருகல் கைக்குட்டையை முகத்துக்குக் கொண்டுபோகும் வழியில் மறந்துவிட்டார். அரங்கமே அந்த இறுக மூடிய உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பியானோக்காரரின் கைகள், அவர் சொல்லாமலே, பாடுகிறவளுக்குத் துணை போய்க்கொண்டிருந்தன. திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்கு இது எதுவும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு, உச்சியில் நின்று, அவள் இன்னும் பாடிக்கொண்டிருந்தாள்.